சூலக்கரையில் நின்ற கப்பல்

கப்பல்களைக் கேப்டன்கள்தான் ஓட்டுகிறார்கள் என்று நீங்கள் இன்னமும் நம்பிக்கொண்டிருந்தால், உங்கள் மனம் நோக ஒரு விஷயம் சொல்லப்போகிறேன். அரபிக்கடலில் போன ஒரு கப்பலை, மீன் வாடைகூட ஐஸ் பெட்டியில் ஏறி வந்தால்தான் உண்டு என்கிற சிவகாசியில் இருந்துகொண்டு, செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து ஓட்டியவர் எங்கள் போர்மேன். கேப்டன் சும்மா கூடப் போனார். சம்பளம் மட்டும் கேப்டனுக்குப் போனது. உலகத்தில் நியாயம் எப்போதுமே அப்படித்தான்.

போர்மேனுக்குப் பேர் இல்லாமல் இல்லை. ரேஷன் கார்டில் இருக்கிறது. ஆனால் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன் ஆன நாளிலிருந்து அந்தப் பேரை ரேஷன் கடைக்காரர் மட்டும்தான் கூப்பிட்டார். வெடிமருந்து கலக்கும் மருந்து ரூமுக்குள் யார் எப்போது நுழையலாம், நுழைந்தவர் எப்படி நடக்கலாம், நடந்தவர் எந்தப் பக்கம் திரும்பித் தும்மலாம் என்பது வரைக்கும் அவர் கையில்தான் இருந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் கொஞ்சம் குட்டை. எப்படி ஆனது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார். என்னிடம், "பெருவிரலைப் பாத்துப் பயந்து சுருங்கிருச்சுலே" என்றார்.

நான் யார் என்று கேட்பீர்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை என்னை இரண்டு தடவை நேரில் பார்த்துவிட்டு, இரண்டு தடவையும் "இவன் நமக்கு ஒத்துவர மாட்டான்" என்று ஒதுங்கிப் போய்விட்டது. அதனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு நெட் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இரண்டாயிரத்து ஒன்பது, பத்து வாக்கு. செல்போன் பேசுவதற்கு மட்டும்தான் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டிருந்த அப்பாவிக் காலம். இன்டர்நெட் வேண்டும் என்றால் எங்கள் பலகைத் தடுப்புக்குள் வந்து வியர்வையோடு உட்கார வேண்டும். ஓனரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் கல்லாவைத் தவிர வேறு எந்த மிஷினையும் நம்பாதவர்.

போர்மேன் முதல் தடவை வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றினார். ஷட்டர் கம்பியில் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தி வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். அண்ணாச்சி, யாரோ பெரியவர் கடைக்கு ஆசீர்வாதம் பண்ணுகிறார் என்று எழுந்து கும்பிட்டார்.

விஷயம் அது இல்லை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். உடம்பில் சேர்ந்திருக்கும் கரண்ட்டை அதைத் தொட்டு மண்ணில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இல்லாவிட்டால் விரல் நுனியில் ஒரு சின்னப் பொறி போதும். போர்மேனுக்கு அந்தப் பழக்கம் எலும்பில் ஏறியிருந்தது. கோயிலுக்குப் போனாலும் கம்பிக் கதவைத் தொட்டுவிட்டுத்தான் சாமி கும்பிடுவார். சாமி வெடித்துவிடக் கூடாதே.

உள்ளே வந்தவர் தலைகளை எண்ணினார். "அஞ்சு பேரு இருக்கோம். ஒரு ரூமுக்கு நாலு பேருதான். யாராச்சும் ஒருத்தர் வெளிய போங்க."

அவர் குரலில் என்ன இருந்ததோ, ஒரு காலேஜ் பையன் காசு கொடுத்துவிட்டு எழுந்தே போய்விட்டான்.

அண்ணாச்சி பதறினார். "யோவ், அது பட்டாசுக் கம்பெனிச் சட்டம்யா! இது நெட் சென்டரு!"

"பொட்டிக்குள்ள கரண்ட்டு ஓடுதா இல்லையா?"

"ஓடுது."

"சூடாகுதா இல்லையா?"

"ஆகுது."

"அப்புறம் என்ன நெட்டு, கிட்டு. எல்லாம் மருந்து ரூமுதான்."

மறுநாள் ஒரு வாளி மணலோடு வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். வெற்றிலை போடுகிற கஸ்டமர்கள் அவரை மனமார வாழ்த்தினார்கள்.

அவர் வந்த காரணம் அவர் மகன் கணேசன். ஒரே மகன். அவனைப் பட்டாசுக் கம்பெனி வாசலைக்கூட மிதிக்கவிடாமல் வளர்த்தவர் போர்மேன். மருந்து வாடை படாத வேலைக்குத்தான் மகன் போக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். தூத்துக்குடியில் ஏதோ கோர்ஸ் படிக்கவைத்து, ஒரு சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் எண்ணெய் போடுகிற வேலைக்கு அனுப்பிவிட்டார். "சுத்தி அம்புட்டும் தண்ணிலே. தீப்பிடிச்சாக்கூட அணைக்குறதுக்கு வெளிய போக வேண்டாம்" என்று பெருமையாகச் சொன்னார்.

கப்பல் கம்பெனி நல்ல கம்பெனி. கப்பல் எங்கே போகிறது என்று குடும்பத்தார் நெட்டில் பார்த்துக்கொள்ள ஒரு பாஸ்வேர்டு கொடுத்திருந்தது. அதை என்னிடம் சொல்ல மாட்டார். துண்டால் கீபோர்டை மூடிக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவார். தட்டும்போது ஒவ்வொரு எழுத்தையும் சத்தமாகச் சொல்லுவார். வாரக் கடைசியில் எங்கள் தெருவில் டீக்கடை மாஸ்டர் உட்பட எல்லோருக்கும் அந்தப் பாஸ்வேர்டு மனப்பாடம்.

ஸ்கிரீனில் நீலமாகக் கடல். அதில் ஒரு பச்சைப் புள்ளி. பக்கத்தில் வாயில் நுழையாத ஒரு வெள்ளைக்காரப் பேர். போர்மேன் அந்தப் பேரைச் சொல்ல முயற்சி பண்ணவே இல்லை. "நம்ம வண்டி" என்றார், லாரியைச் சொல்வதுபோல.

"இவன் அங்கன இருக்கான்னு இந்தப் பொட்டிக்கு எப்புடிலே தெரியுது?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "கப்பல்ல ஒரு மிஷின் இருக்கு போர்மேன். 'நான் இன்னாரு, இங்கன இருக்கேன், இன்ன பக்கம் போறேன்'னு கத்திக்கிட்டே போகும். மேல சுத்துற சேட்டிலைட்டு அதைக் கேட்டுக்கிட்டு நமக்குச் சொல்லும்."

"ஆகாசத்துக்கா கேக்குது?"

"கேக்கும்."

"நான் முன்வாசல்ல நின்னு கத்துனா அடுப்படியில இருக்கவளுக்குக் கேக்க மாட்டேங்குது." சிறிது யோசித்தார். "அது எந்நேரமும் அவன் தலைக்கு மேலயே நிக்குமா?"

"நிக்காது. உலகத்தைச் சுத்திக்கிட்டே இருக்கும். கப்பலுக்கு மேல வாரப்ப கேட்டுக்கும். அதுக்கப்புறம் அடுத்த சேட்டிலைட்டு வாரப்பதான்."

"டவுன் பஸ்ஸா?"

"டவுன் பஸ்தான்."

"லேட்டா வருமா?"

"சில சமயம் வரும்."

"அப்ப நம்ம ஆளுகதாம்லே ஓட்டுறாக" என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

அன்றிலிருந்து கம்பெனி விட்டதும் நேராக என்னிடம்தான். பச்சைப் புள்ளியைப் பார்த்து அதட்டுவார். "என்னலே இம்புட்டு மெதுவா போற? சோறு திங்கல?" எதிரே இன்னொரு புள்ளி வந்தால் ஸ்டூலில் நிமிர்ந்துவிடுவார். "ஹார்ன் அடி! ஹார்ன் அடி! அவன் ராங் சைடுல வாரான்!" ஒரு தடவை புள்ளி இலங்கைக்குக் கீழே வந்து, கன்னியாகுமரியை ஒட்டினாற்போல நகர்ந்தது. போர்மேன் எழுந்தே விட்டார். "ஏலே, இங்கன பக்கத்துலதான போறான்! ஒரு எட்டு தூத்துக்குடியில நிப்பாட்டச் சொல்லு. அவுக ஆத்தா பணியாரம் சுட்டு வச்சிருக்கா."

"கப்பல நிப்பாட்ட முடியாது போர்மேன்."

"கை காட்டுனா எக்ஸ்பிரஸ் பஸ்ஸே நிக்குதுலே."

இந்தப் பித்து கம்பெனிக்கும் போனது. தீபாவளி சீசன் நெருங்க, வானத்தில் போய் வெடிக்கிற புது அயிட்டத்துக்குச் சாம்பிள் விட்டுப் பார்க்க வேண்டும். அது போர்மேன் வேலை. ஒரு சாயங்காலம் அவர் முடியாது என்றுவிட்டார். "இப்ப வேண்டாம் மொதலாளி. சேட்டிலைட்டு வார நேரம். பொகை மறைச்சுரும்."

முதலாளி ஆள் அனுப்பி என்னைக் கூட்டிவரச் சொன்னார். போனால், பொட்டல்காட்டில் ஒரு பக்கம் வெடி தயாராக நிற்கிறது. இன்னொரு பக்கம் முதலாளி வெடிக்கத் தயாராக நிற்கிறார்.

"நீதான் நெட்டு சென்டரா? இந்த ஆளுக்கு என்னய்யா சொல்லிக் கொடுத்து வச்சிருக்க?"

"சேட்டிலைட்டைப் பத்திச் சொன்னேன் மொதலாளி."

"பொகை மறைக்கும்ங்காரு. அதாவது பரவால்ல. ராக்கெட்டு போயி சேட்டிலைட்டுல இடிச்சுரும்ங்காருய்யா!"

போர்மேன் விட்டுக்கொடுக்கவில்லை. "நாமதான மொதலாளி டப்பாவுல 'விண்ணைத் தொடும்'னு அச்சடிச்சிருக்கோம்?"

"அது யாவாரத்துக்கு அடிச்சதுய்யா! நம்ம ராக்கெட்டு எதுத்த வீட்டு மொட்டை மாடியத் தாண்டுனாலே அந்த வருசம் நல்ல வருசம்!" முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி. இடிக்குமா?"

நல்ல பையனாக இருந்தால் இடிக்காது என்பதோடு நிறுத்தியிருப்பேன். "இடிக்காது மொதலாளி. ஆனா வெடிச்சதும் மேலருந்து எந்தக் கம்பெனி சரக்குன்னு பாத்துக்கும்" என்றேன்.

முதலாளி வானத்தை ஒரு பார்வை பார்த்தார். லைசென்ஸில் இருக்கிற அளவும் கம்பெனியில் நடக்கிற அளவும் அவர் மனதில் வந்து போயிருக்க வேண்டும். "நாளைக்குக் காலையில விட்டுக்கலாம்" என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் போர்மேன் நிலைமை வேறு. மனைவி செல்லத்தாய், எனக்கு அத்தை முறை மாதிரி. தினமும் அவர் படி ஏறுவதற்குள் கேள்வி வந்துவிடும்: "புள்ள எங்கன இருக்கான்?" போர்மேன் சொல்கிற மலாக்கா, ஏடன் எல்லாம் அத்தைக்கு மண்டையில் நிற்கவில்லை. பேரே நிற்காத ஊரில் மகன் இருப்பதாக எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவது? அதனால் போர்மேன் கடலை எங்கள் ஊர் ரோட்டில் இறக்கினார். சிங்கப்பூர் என்றால் கோவில்பட்டி. இலங்கை சாத்தூர். ஏடன் விருதுநகர். சூயஸ் கால்வாய் திருமங்கலம். அதற்கு அப்பால் இருக்கிற ஐரோப்பா மொத்தமும் மதுரை.

அத்தைக்கு உலகம் விளங்கிவிட்டது. அவருக்கு விளங்கியதுதான் தெருவுக்கு விளங்காமல் போனது.

"ஏக்கா, ஒம் மகன் கப்பல்ல இருக்கான்னாக?"

"ஆமா. சாத்தூர் தாண்டிட்டானாம்."

"சாத்தூர்லயா? அங்கன ஓடுற வைப்பாத்துல கப்பல் விட்டுட்டாகளா?"

இப்படிச் சிரிப்பாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் பச்சைப் புள்ளி நின்றது. சாத்தூர் தாண்டி, விருதுநகர் வருவதற்கு முன்னால், அதாவது அரபிக்கடல் முடிந்து ஏடன் பக்கம் நுழைகிற இடத்தில். மறுநாள் பார்த்தோம். அதே இடம். அதற்கு மறுநாளும் அதே இடம். புள்ளி பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது.

"என்னலே கலர் மாறிருச்சு?"

கீழே எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கப்பலிடமிருந்து தகவல் இல்லை என்று போட்டிருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "சேட்டிலைட்டு பஸ்ஸு பிரேக் டவுன் போல போர்மேன்" என்றேன். வழக்கமாக என் கேலிக்குப் பதில் கேலி வரும். அன்றைக்கு ஸ்டூலை ஸ்கிரீனுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்தச் சமயம் டி.வி.யைத் திறந்தால் சோமாலியாக் கடற்கொள்ளைக்காரர்கள்தான். சின்னப் படகில் வந்து பெரிய கப்பலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏடன் பக்கம்தான் அவர்களுக்குப் பேட்டை. போர்மேன் வீட்டு டி.வி. திடீரென்று ரிப்பேர் ஆனது. ரிப்பேர் பண்ணியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னால் இருந்து ஒரு ஒயரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்கே போனார்.

அத்தை கேட்டார்: "புள்ள எங்கன இருக்கான்?"

"சூலக்கரை பக்கத்துல. விருதுநகருக்கு இங்கிட்டு."

மறுநாள்: "இப்ப எங்கன?"

"சூலக்கரைதான்."

அதற்கும் மறுநாள்: "சூலக்கரையில கலெக்டர் ஆபீசுதான இருக்கு? இத்தனை நாளா அங்கன அவனுக்கு என்ன வேலை? மனு குடுக்கப் போயிருக்கானா?"

"டிராபிக்கு."

"கடல்லயா?"

போர்மேன் சட்டையைக் கழற்றப் போனார். பையிலிருந்து டி.வி. ஒயர் கீழே விழுந்தது. அத்தை அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "காலையில தூத்துக்குடிக்குப் போவோம். நானும் வாரேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மகனை வேலைக்கு எடுத்த ஏஜென்ட் ஆபீஸ் தூத்துக்குடியில் இருந்தது. இங்கிலீஷில் ஏதாவது எழுதியிருந்தால் படிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டார்கள். என் இங்கிலீஷை நம்பி ஒரு குடும்பம் பஸ் ஏறியது அதுதான் முதலும் கடைசியும்.

ஏ.சி. ரூம். டை கட்டிய ஆபீசர் ஒருத்தர், இரண்டு கிளார்க்குகள். நாங்கள் மூன்று பேர் நுழைந்தோம். போர்மேன் கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஆபீசர், கதவு மாட்டிக்கொண்டது என்று நினைத்து உதவிக்கு எழுந்தார். போர்மேன் உள்ளே வந்து தலைகளை எண்ணினார்.

"ஆறு பேரு. ரெண்டு பேரு வெளிய போங்க."

கிளார்க்குகள் இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள். யார் சொன்னது, ஏன் போனோம் என்பது டீக்கடைக்குப் போன பிறகுதான் அவர்களுக்கு உறைத்திருக்கும்.

ஆபீசர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "பயப்படாதீங்க. கப்பல் பத்திரமா இருக்கு. அந்தச் சிக்னலைக் கேப்டனேதான் நிறுத்தி வச்சிருக்கார்."

"எதுக்கு நிப்பாட்டணும்?" போர்மேன் குரல் உயர்ந்தது. "பெத்தவுக பாத்துக்கிட்டு இருக்கோம்ல?"

"நீங்க மட்டுமா பாக்குறீங்க? கப்பல் 'நான் இங்க இருக்கேன், இங்க இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே போகுது. கொள்ளைக்காரனுக்கும் அதுதானே வேணும்? அதைப் பிடிக்கிற கருவி அவன் படகுலயும் இருக்கலாம். அதான், அந்த ஏரியா தாண்டுற வரைக்கும் வாயை மூடிக்கிட்டுப் போறாங்க. எங்களுக்கு மட்டும் வேற சேட்டிலைட் வழியா தகவல் வந்துடும். அதை வெளிய காட்ட மாட்டோம்."

போர்மேன் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. மூன்று மாதமாக அவர் ஆசை ஆசையாகப் பார்த்த அதே புள்ளியை எவனோ ஒருத்தன் துப்பாக்கியோடு பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, தொடையில் ஒரு தட்டு தட்டினார்.

"கெட்டிக்காரன்யா அந்தக் கேப்டன்! சரியான ஆளு!"

ஆபீசருக்குப் புரியவில்லை. எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால் உடனே புரிந்திருக்கும். கவர்மென்ட் செக்கிங் ஜீப் மெயின் ரோட்டில் திரும்பும்போதே கம்பெனிக்குக் கம்பெனி போன் பறக்கும். நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் கூடுதலாக இருக்கிறவர்கள் சத்தமில்லாமல் வெளியேறி, வேப்ப மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஜீப்பில் வந்தவர் கேட்டால், "சொந்தக்காரவுகளப் பாக்க வந்தோம்." ஜீப் போனதும் பழையபடி உள்ளே. போர்மேன் கறாராகச் சட்டம் பேசுகிறவர்தான். ஆனால் சீசனில் முதலாளி சேர்த்த ஆட்களை மரத்தடிக்கு ஓட்டுகிற வேலையும் அவருடையதுதான்.

அதைத்தான் மனைவிக்கு விளக்கினார். "ஏ புள்ள, ஒண்ணும் இல்ல. ஜீப்பு வந்திருக்கு. வண்டி மரத்தடியில உக்காந்திருக்கு. அம்புட்டுதான்."

அத்தைக்குச் சட்டென்று விளங்கியது. ஆனால் சமாதானம் ஆகவில்லை. ஆபீசரிடம் திரும்பினார். "எத்தனை நாளைக்குய்யா மரத்தடியில உக்காந்திருப்பான்?"

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் என்னால் முடிந்த இங்கிலீஷில், "ஷிப், ட்ரீ, சிட்டிங்" என்றேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "கொஞ்ச நாள்தாம்மா. நேத்துகூடக் கேப்டன் பேசினார்" என்றார்.

"கேப்டன் பேசுனாரு சரி. எம் மகன் குரலைக் கேட்டீகளா?"

ஆபீசர் மறுபடியும் கம்ப்யூட்டரைத் தட்டத் தொடங்கினார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு போர்மேன் தலைகீழாக மாறினார். சாயங்காலம் வழக்கம்போல வருவார். கம்பியைத் தொடுவார். ஸ்டூலில் உட்காருவார். ஆனால் கம்ப்யூட்டரைப் போடவிட மாட்டார்.

"பாக்காதலே. நாம பாத்தா, எவனுக்காச்சும் காட்டிக் குடுத்துரும்."

"நாம பாக்குறது அவனுக்குத் தெரியாது போர்மேன்."

"ஒனக்கு என்னலே தெரியும்? ஜீப்பு வந்தப்ப ஒருத்தன் மரத்தடியவே திரும்பித் திரும்பிப் பாத்தான். அதுலயே இன்ஸ்பெக்டரு கண்டுபிடிச்சுட்டாரு."

அணைத்து வைத்த கம்ப்யூட்டர் மேல் துண்டையும் போர்த்திவிட்டு, கறுப்பு ஸ்கிரீனுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போகும்போது நெட் பார்த்ததற்குக் காசும் கொடுப்பார். காசு வாங்குவதில் கூச்சமே இல்லாத அண்ணாச்சிக்கே கை கூசியது. "யோவ், பாக்காததுக்கு எதுக்குய்யா காசு?" என்று ஒரு நாள் திருப்பிக் கொடுத்தார். எங்கள் தெருவில் அதற்கு முன்னாலும் அப்படி நடந்ததில்லை, பின்னாலும் நடக்கவில்லை.

டீக்கடை மாஸ்டருக்கும் தடை உத்தரவு போனது. பாஸ்வேர்டு தெரிந்த எவனும் நெட் பக்கம் போகக் கூடாது. தெருவே கட்டுப்பட்டது. சாயங்காலம் எல்லோரும் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தார்கள். நான் மட்டும் ஏதாவது நக்கலாகச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பேன். அவர் குட்டை விரல்கள் முழங்கால்மேல் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். மூடிக்கொள்வேன்.

ஒரு நாள் நெட் சென்டர் வாசலில் அத்தை வந்து நின்றார். அதுவரை அந்தப் பக்கம் வந்ததே இல்லை. கம்பியைத் தொடவில்லை, செருப்பைக் கழற்றவில்லை, தலைகளையும் எண்ணவில்லை. நேராக வந்து துண்டை உருவி போர்மேன் மடியில் போட்டார்.

"போடுய்யா அதை" என்றார் என்னிடம்.

"வேண்டாம் புள்ள…"

"நீங்க சும்மா இருங்க. ஜீப்பு போயிருக்கும். ஒரு ஜீப்பு எம்புட்டு நேரந்தான் நிக்கும்?"

கம்ப்யூட்டரைப் போட்டேன். அது உயிர் பெற்று, முனகி, நெட்டைத் தேடிப் பிடிக்கிற வரைக்கும் அத்தை உட்காராமல் நின்றார். பாஸ்வேர்டைப் போர்மேனால் தட்ட முடியவில்லை. நானே தட்டினேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவும் இல்லை. கடல் வந்தது. கரை வந்தது. சாம்பல் புள்ளி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. படத்தை மேலே நகர்த்தினேன். ஏடன் தாண்டி, செங்கடலுக்குள், பச்சையாக ஒரு புள்ளி, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"விருதுநகர் தாண்டிட்டான்" என்றேன்.

போர்மேன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அத்தை ஸ்கிரீன் பக்கத்தில் குனிந்து, பொட்டு அளவு இருந்த அந்தப் பச்சையை உற்றுப் பார்த்தார்.

"மெலிஞ்சிருக்கானா?"

"அதெல்லாம் இதுல தெரியாது அத்தை."

"சாப்ட்டானான்னு?"

"தெரியாது அத்தை."

"அப்புறம் என்னத்துக்கு இம்புட்டு ஒசரத்துல போயி சுத்துது?" என்று சேட்டிலைட்டைத் திட்டிவிட்டு, அண்ணாச்சியிடம் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

சீசன் முடிந்து, தீபாவளியும் முடிந்து கணேசன் லீவில் வந்தான். கறுத்து, மீசை வைத்து, தெருவுக்கே சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவந்தான். நடுக்கடலில் என்ன நடந்தது என்று கேட்டோம். "ஒண்ணும் இல்லண்ணே. லைட்ட அணைச்சுட்டுப் போனோம். இன்ஜின் ரூம்ல எங்களுக்கு எல்லா நாளும் ஒண்ணுதான்" என்றான். நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்த நாட்களில் அவன் எண்ணெய் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறான்.

மகன் வந்த மறுநாள் சாயங்காலம் போர்மேன் நெட் சென்டர் வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன போர்மேன், வழி தவறி வந்துட்டீகளா? மகன் வீட்லதான இருக்கான்?"

"வண்டியப் போடுலே."

"எந்த வண்டி?"

"நம்ம வண்டிதான்."

"அதான் அவன் எறங்கிட்டான்ல?"

போர்மேன் உட்கார்ந்து, துண்டால் கீபோர்டை மூடினார். "அவன் எறங்கிட்டான்லே. மத்தவன் புள்ளைக உள்ளதான இருக்காக. அவுக அய்யாமாருக்கு நெட்டு பாக்கத் தெரியுமோ, என்னமோ."

அதற்கு ஒரு கேலி நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

அதற்கப்புறம் கணேசன் வேறு கப்பலுக்குப் போனான். போர்மேன் இரண்டு வண்டியையும் ஓட்டினார். ஒரு சமயம் காய்ச்சலில் படுத்துவிட்டார். எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய வண்டி அப்போது மறுபடியும் ஏடன் பக்கம் வாயை மூடிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. நானே தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்த்தேன். புள்ளி தெரிந்த அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். அத்தை எடுத்து அவர் காதில் வைத்தார்.

"போர்மேன், பழைய வண்டி விருதுநகர் தாண்டிருச்சு."

இருமிக்கொண்டே கேட்டார்.

"எல்லாருமாலே?"

ஸ்கிரீனில் ஒரே ஒரு பச்சைப் புள்ளிதான் இருந்தது.

"எல்லாருந்தான் போர்மேன். நீங்க தூங்குங்க" என்றேன்.